முகமும் தெரியணும், ஆறும் தெரியணும்

மலையைக் குடைந்து சாலை போடும் அந்த வேலைத்தளத்தின் கேன்டீனில், கை கழுவுகிற இடத்துக்கு மேலே ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. அதே சாலையில் இதற்கு முன்பு குடைந்த சின்னச் சுரங்கம் மறுபக்கம் திறந்த அன்று எடுத்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த போட்டோகிராபர் எடுத்த படம். வெளியே இருந்த வானம் அப்படி ஒரு நீலம். தூரத்து மரத்தில் இலையை எண்ணலாம் போல இருந்தது. ஆனால் சுரங்கத்துக்குள்ளே நின்ற வேலையாட்கள் மட்டும் கரி அள்ளிப் பூசியது போல வரிசையாகக் கறுப்பு உருவங்கள். கண் இல்லை, மூக்கு இல்லை, யாரென்று சொல்ல ஓர் அடையாளம் இல்லை.

சாப்பிட வரும்போதெல்லாம் அந்தப் படத்தின் கீழே ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

"இது நான்தான். ஹெல்மெட்டைச் சாய்ச்சுப் போட்டிருக்கேன் பாரு."

"டேய் நெட்டை, அது நீ இல்லடா. நீதான் ஓரத்துல ஒட்டடைக் குச்சி மாதிரி நிக்கிற."

பாறையில் துளை போடும் மெஷின்காரரை எல்லோரும் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மெஷின் காதுக்குள் ஓயாமல் ரீங்காரம் போடுவதால் வந்த பெயர். அவர் வலப்பக்கத்தில் அகலமாக இருந்த ஓர் உருவத்தைத் தன்னுடையது என்று பல மாதம் சொந்தம் கொண்டாடினார். ஊரிலிருந்து வந்த மைத்துனரிடம்கூடக் காட்டிப் பெருமைப்பட்டார். கடைசியில் மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்து, "யோவ், இது தண்ணி டிரம்முய்யா" என்றார். அன்றைக்குக் கொசு சாப்பிடவே இல்லை.

இந்தக் கதையை எல்லாம் வீட்டில் வந்து சொல்வது பொக்லைன் ஓட்டுகிறவருடைய வேலை. அவருடைய மனைவி கடைத்தெருவில் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தாள். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூட குரூப் படம், கல்யாணம். ஊரில் அவளைக் கேமராக்கா என்றால்தான் தெரியும். அன்று சாயங்காலம் அவள் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டே டிரம் கதையைக் கேட்டு, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அந்த ஆளைச் சொல்லிக் குத்தமில்லங்க. நம்ம கண்ணு இருட்டையும் பார்க்கும், வெளிச்சத்தையும் பார்க்கும். கேமராவுக்கு அவ்வளவு அகலமான மனசு கிடையாது. வெளியே இருக்கிற வெயிலுக்கு வெச்சா உள்ள இருக்கிறவன் கரி. உள்ள இருக்கிறவனுக்கு வெச்சா வெளியே வெறும் வெள்ளைத் துணி. ரெண்டுல ஒண்ணைத்தான் அது காட்டும்."

"அப்போ ரெண்டையும் காட்டவே முடியாதா?"

"முடியாதுன்னு இல்ல. கொஞ்சம் மெனக்கெடணும்."

அந்த ஒரு வார்த்தை போதும் அவருக்கு. மறுநாள் கேன்டீனில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இந்தப் பெரிய சுரங்கம் திறக்கும்போது என் வீட்டுக்காரி வந்து எடுப்பாள், எல்லார் மூஞ்சியும் பளிச்சென்று தெரியும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். தளத்தின் தலைமை இன்ஜினியர் ஓர் அம்மாள். எல்லோருக்கும் பெரிய மேடம். அவர் காதுக்கும் விஷயம் போய், அவரே ஸ்டூடியோவுக்குப் போன் போட்டார்.

"பசங்களுக்கு முகம் தெரியணுமாம். நியாயம்தான். எனக்கு இன்னொண்ணும் வேணும்மா. வெளியே இருக்கிற ஆறும், அதுமேல நாங்க கட்டின பாலமும் தெரியணும். பாலம் தெரியலைன்னா, இவங்க ஏன் இத்தனை வருஷமா மலையைச் சுரண்டினாங்கன்னு பார்க்கிறவங்களுக்குப் புரியாது."

"சரி மேடம்" என்றாள் கேமராக்கா. போனை வைத்த பிறகுதான் யோசித்தாள். கல்யாண மண்டபத்தில் ஒரு படம் சரியாக வராவிட்டால் மாப்பிள்ளையை மறுபடி நிற்கச் சொல்லலாம். மலை ஒரு தடவைதான் திறக்கும்.

"ஆள் ரெடி, படம் ரெடின்னு நீங்களா சொல்லிட்டு வந்துட்டீங்க. நான் சுரங்கத்துக்குள்ள எட்டிக்கூடப் பார்த்ததில்ல" என்று கணவரைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"நீதானே முடியும்னு சொன்ன?"

"மெனக்கெடணும்னு சொன்னேன்!"

மெனக்கெடல் அடுத்த நாளே தொடங்கியது. வீட்டின் பின்பக்கம் நீளமான இருட்டுச் சாமான் அறை ஒன்று உண்டு. அதன் கடைசியில் கொல்லைக் கதவு. கதவைத் திறந்தால் வெயில் கண்ணைப் பறிக்கும். சுரங்கத்துக்கு ஒத்திகை பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. வேலையாட்களுக்குப் பதிலாக நிற்க ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இருந்தது மாமியார் மட்டும்.

"அத்தை, கொஞ்சம் கதவுக்கு முன்னால நின்னு என்னைப் பாருங்க."

"தலை வாரலியேம்மா."

"உங்க தலை தெரியுமான்னே எனக்குத் தெரியாது. வாங்க."

முதல் படத்தில் கொல்லையின் முருங்கை மரமும் துணிக்கொடியும் அழகாக விழுந்தன. அத்தை நிழலாகப் போனார். இரண்டாவதில் அத்தையின் மூக்குத்திவரை தெரிந்தது, கொல்லை முழுக்க வெள்ளையடித்தது போல ஆகிவிட்டது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு ஒன்று, நடுவாந்தரமாக ஒன்று, இருட்டுக்கு ஒன்று என மூன்று படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்ப்பது அவளுக்குப் பழக்கமான வித்தை. வீடு விற்கிறவர்களுக்கு அறைகளை அப்படித்தான் எடுத்துக் கொடுப்பாள். நாற்காலியும் மேஜையும் ஆடாமல் இருக்கும். அத்தை நாற்காலி இல்லையே.

"அசையாதீங்க அத்தை."

"நான் எங்கம்மா அசைஞ்சேன்? அந்தப் பக்கத்து வீட்டுப் பூனை நம்ம கொடியில என்ன பண்ணுதுன்னு பார்த்தியா? நேத்தும் இப்படித்தான்…"

மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது கொல்லையும் தெரிந்தது, முகமும் தெரிந்தது, முகத்தில் இரண்டு வாயும் தெரிந்தது.

அத்தை கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தார். "எனக்கு ரெண்டு வாயா? இதை உன் புருஷன்கிட்ட காட்டிடாதே தாயி. ஒரு வாய்க்கே அவனால ஈடு கொடுக்க முடியல."

சிரித்து முடித்தாலும் கேமராக்காவுக்குக் கவலை போகவில்லை. ஓர் அத்தையையே நிறுத்த முடியவில்லை. மலை திறந்த சந்தோஷத்தில் குதிக்கிற கூட்டத்தை யார் சிலையாக நிறுத்துவது? மூன்று படம் என்பது நடக்காத காரியம். எடுத்தால் ஒரே படம்தான்.

அப்போது அத்தை பூனையை விரட்டக் கொல்லைக்குப் போய், கையோடு காய்ந்த வெள்ளைப் படுக்கை விரிப்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்து, கறை போயிருக்கிறதா என்று பார்த்தார். கேமராக்கா சட்டென்று எழுந்து நின்றாள். கதவு வழியாக வந்த வெயில் விரிப்பில் பட்டுத் திரும்பி, அத்தையின் தாடைக்குக் கீழ், கன்னம், கண் எல்லாவற்றிலும் பால் ஊற்றியது போலப் படிந்திருந்தது. அறையில் விளக்கு எதுவும் போடவில்லை. வெளியே இருந்த வெளிச்சமேதான் உள்ளே வந்து திரும்பி முகத்தைப் பார்த்தது.

"அத்தை, அப்படியே நில்லுங்க!"

"இப்பவும் பேசக் கூடாதா?"

"எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க!"

வெளியே இருந்த மரம் வெளுத்துப்போகாத அளவுக்கு வைத்து ஒரே ஒரு படம் எடுத்தாள். முகம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் இருட்டில் தங்கியிருப்பதைக் கம்ப்யூட்டரில் மெல்ல மேலே தூக்கிவிடலாம். வெளுத்துப்போனதைத்தான் எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. தூக்கிப் பார்த்தாள். மரம் மரமாக இருந்தது. அத்தை ஒரே வாயோடு அத்தையாக இருந்தார்.

மறுவாரம் பெரிய மேடத்தைப் பார்க்கப் போனாள். தகரக் கொட்டகை அலுவலகம். சுவர் முழுக்க மலையின் வயிற்றைப் பிளந்து காட்டும் வரைபடங்கள். கேமராக்கா தனக்கு வேண்டியதைச் சொன்னாள். கேமராவுக்குப் பின்னால் தொங்கவிட பெரிய வெள்ளைத் திரை. அதைப் பார்த்து அடிக்க வெள்ளை விளக்குகள். மஞ்சள் விளக்கு ஒன்றுகூட எரியக் கூடாது, எரிந்தால் எல்லோரும் காமாலை வந்தவர்கள் மாதிரி தெரிவார்கள்.

"திரைதானே? சுவர்ல தண்ணி கசியாம இருக்க நாங்க ஒட்டுற ஷீட் வெள்ளைதான். ஒரு சுருள் தர்றேன், ரெண்டு டிப்பர் லாரிக்கு நடுவுல கட்டிக்கோ. வேற?"

"நேரம் மேடம். சுரங்கம் மேற்குப் பக்கமா திறக்குது. காலையில சீக்கிரமா திறந்தா, ஆத்துமேல இந்த மலையோட நிழலே விழுந்து கிடக்கும். வெளிச்சம் சாதுவா இருக்கும். உச்சி வெயில் ஆச்சுன்னா அது முரடாயிடும்."

மேடம் பேனாவைக் கன்னத்தில் தட்டினார். "மலையா இருந்தா எட்டு மணிக்குத் திறன்னு சொல்லிடுவேன். விழாவுக்கு வர்ற அதிகாரியை அப்படிச் சொல்ல முடியாதே. அவர் வந்து பார்க்கத்தான் திறக்கணும்."

கேமராக்கா பயந்தது போலவே நடந்தது. சுரங்கம் திறக்கும் நாளன்று எல்லோரும் விடியும்போதே கூடிவிட்டார்கள். உள்ளே வேலையாட்கள் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தலையைப் படிய வாரி, அதன்மேல் ஹெல்மெட்டை வைத்து வாரியதையெல்லாம் கெடுத்துக்கொண்டு நின்றார்கள். கொசு இரண்டு தடவை சவரம் செய்திருந்தார். குடும்பத்தார் மலையைச் சுற்றிப் போய் மறுபக்கம், ஆற்றோரம் போட்ட பந்தலில் காத்திருந்தார்கள். அதிகாரியை மட்டும் காணவில்லை. வழியில் வேறொரு திறப்பு விழாவாம். மறுபக்கத்திலிருந்து வயர்லெஸ்ஸில் செய்தி வந்தபடி இருந்தது. நிழல் ஆற்றைவிட்டு விலகிவிட்டது என்றார்கள். பாலத்தில் வெயில் ஏறிவிட்டது என்றார்கள். கேமராக்கா ஒவ்வொரு செய்திக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"இப்படியே போனா நீ பாட்டிலையே முழுங்கிடுவ" என்றார் மேஸ்திரி.

ஒருவழியாக, அதிகாரி மறுபக்கத்துப் பந்தலுக்கு வந்துவிட்டார், உடைக்கலாம் என்று உத்தரவு வந்தது. கடைசிப் பாறைச் சுவரை உடைப்பது பொக்லைன்காரர். மூன்று முட்டு முட்டினார். நான்காவதில் ஒரு கல் உருண்டு வெளிப்பக்கம் விழுந்தது. விழுந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்சம். அத்தனை பேரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். அது வெயில் என்றே முதலில் தோன்றவில்லை, பாறைக்குள்ளிருந்து ஏதோ பழுத்து வெளியே வந்தது போல இருந்தது. ஓட்டை பெரிதாகப் பெரிதாகத் தூசி புகையாக எழுந்து, அதன் நடுவே வெளிச்சம் தூண் தூணாக இறங்கியது. கேமராக்காவின் விரல் தன் வேலையைப் பார்த்தது.

வாசல் முழுதாகத் திறந்ததும், பொக்லைன்காரர் வண்டியைப் பின்னால் எடுத்து, கேமராவுக்கும் திரைக்கும் பின்னே கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். தூசி அடங்கியது. அதோ ஆறு. அதோ பாலம். வேலையாட்கள் வரிசையாக நின்றார்கள். வெள்ளை விளக்குகள் திரையில் அடிக்க, முகங்கள் மெல்லத் துலங்கின. கேமராக்கா கண்ணைக் கேமராவில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது.

இரண்டு பக்கமும் திறந்த சுரங்கம் ஒரு பெரிய புல்லாங்குழல் மாதிரிதான். ஆற்றுக் காற்று ஒரே மூச்சில் உள்ளே பாய்ந்தது. திரை பாய்மரம் போலப் புடைத்து, ஒரு பக்கத்துக் கயிற்றைப் பட்டென்று அறுத்துக்கொண்டு தரையில் புரண்டது. முகங்கள் மறுபடி கரியாகின.

"இதை நான் யோசிச்சிருக்கணும்" என்று பெரிய மேடம் தலையில் கை வைத்தார்.

பொக்லைன்காரர் வரிசையிலிருந்து பாய்ந்தார். வண்டியில் ஏறி, திரையின் மேல் விளிம்பைப் பக்கெட்டின் பற்களில் மாட்டி மேலே தூக்கிப் பிடித்தார். நெட்டையும் இன்னொருவரும் கீழ் விளிம்பைக் கல்லால் அழுத்தினார்கள். வெளிச்சம் திரும்பியது.

"இப்ப எடு!" என்று கேபினிலிருந்து கத்தினார்.

"நீங்க இறங்கி வாங்க!"

"பக்கெட் மேல இருக்கும்போது வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இங்க அது சட்டம்."

"அப்போ நீங்க படத்துல இருக்க மாட்டீங்களா?"

"அதனால என்ன? என் மூஞ்சியை நீ தினமும் பார்க்கிற. பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருக்கும். எடும்மா, பசங்க காத்திருக்காங்க."

அவள் கேமராவைத் தூக்கினாள். வரிசையில் அவர் நின்ற இடம் பல் விழுந்தது போலக் காலியாக இருந்தது. கொசுவும் மேஸ்திரியும் நெருங்கி நின்று அதை அடைக்கவில்லை. வேண்டுமென்றே அப்படியே விட்டிருந்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிக் கேமரா வழியாக எதுவும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். விரல் அழுத்த மறுத்தது.

"என்னம்மா, ஏன் எல்லாரும் சாவு வீடு மாதிரி நிக்கிறீங்க?"

அத்தையின் குரல். மறுபக்கத்துக் குடும்பத்தார் எல்லோருக்கும் ஹெல்மெட் கொடுத்து உள்ளே அனுப்பியிருந்தார்கள். முன்னால் வந்தது அத்தைதான். ஹெல்மெட் மூக்குவரை இறங்கியிருந்தது. அவர் திரையைப் பார்த்தார், வண்டிக்குள் மகனைப் பார்த்தார், மருமகளின் முகத்தைப் பார்த்தார். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பெரிய படுக்கை விரிப்பு. அவ்வளவுதானே? இதைப் பிடிக்க மெஷின் எதுக்கு? வாங்கடி எல்லாரும்! ஆம்பளைங்களும் வாங்க. உயரமா இருக்கிறவங்க லாரிமேல ஏறுங்க. மத்தவங்க கீழ. உலுக்கிக் காயப்போடும்போது பிடிப்போமே, அந்த மாதிரி இழுத்துப் பிடிங்க."

அக்கா தங்கை, அப்பா, மாமன், மச்சான், தளத்தில் அளவெடுக்கும் பெண்ணின் புருஷன், கொசுவின் மைத்துனர் எல்லோரும் ஓடி வந்தார்கள். பாதிப் பேர் டிப்பரில் ஏறி மேல் விளிம்பை வாங்கிக்கொண்டார்கள். மீதிப் பேர் கீழ் விளிம்பை இறுக்கினார்கள். காற்று முட்டிப் பார்த்தது. திரை குலுங்கியது, விழவில்லை. பக்கெட் தரைக்கு இறங்கியது. பொக்லைன்காரர் ஓடி வந்து அந்தக் காலி இடத்தில் மூச்சிரைக்க நின்றார்.

"சட்டைப் பட்டனைப் போடுங்க" என்றாள் கேமராக்கா.

அப்போதுதான் பந்தலிலிருந்து அதிகாரி வந்து சேர்ந்தார். வெளிப்பக்கமிருந்து வந்தவர், வாசலின் விளிம்பில், நல்ல வெயிலில், சலவை வெள்ளைச் சட்டையோடு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கேமராவின் திரையில் அந்தச் சட்டை, வெளிச்சம் மீறிப்போச்சு என்று கறுப்பும் வெள்ளையுமாகக் கண் சிமிட்டியது. சட்டைக்காகக் குறைத்தால் முகங்கள் போய்விடும். முகத்துக்காக ஏற்றினால் அதிகாரி வெறும் தலையாக மிதப்பார்.

"சார்! ரெண்டு அடி உள்ள நிழலுக்கு வாங்க! உங்க சட்டை எங்க எல்லாரையும் மிரட்டுது!"

மேஸ்திரி மெதுவாகத் தலைகுனிந்து தன் பூட்ஸை ஆராய்ந்தார். அதிகாரி தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, "சரிம்மா, சலவைக்காரருக்குச் சொல்லிடுறேன்" என்றபடி உள்ளே வந்து, மேடத்தின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் விடவில்லை. ஆறு வெளுத்துப்போகாத அளவுக்கு வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தள்ளினாள்.

அதோடு விட்டார்களா? "பிடிச்சவங்களுக்குப் படம் இல்லையா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வேலையாட்கள் வந்து திரையை வாங்கிக்கொண்டார்கள். குடும்பத்தார் வாசலுக்கு முன்னே போய் நின்றார்கள். அத்தை நட்டநடுவில் நின்று, ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு, படம் எடுத்து முடிக்கும்வரை ஆற்றைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் பெரிய படங்கள் இரண்டும் கேன்டீனுக்கு வந்தன. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகமும் பிழையில்லாமல் இருந்தது. நெட்டையின் நெற்றித் தழும்புகூடத் தப்பவில்லை. அவர்கள் தலைகளுக்குப் பின்னே ஆறு வளைந்து போனது, பாலத்தின் கம்பிகள் தெரிந்தன. கொசு மட்டும் தன் முகத்துக்கு நேரே மூக்கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, பிடிக்கலியா?" என்று கேட்டாள் கேமராக்கா.

"பிடிச்சிருக்கும்மா. ஆனா… நான் இப்படியா இருக்கேன்?"

மேஸ்திரி அவர் தோளில் தட்டினார். "அந்த டிரம்மே தேவலைன்னு தோணுதா?"

சிரிப்பு அடங்க வெகு நேரமானது. அதற்குள் பெரிய மேடம் போனைக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். மறுமுனையில் அதிகாரி. படம் அவருக்கும் போயிருந்தது. படத்தில் ஆறு இருக்கிறது, பாலம் இருக்கிறது, அத்தனை பேரும் பிரமாதமாக இருக்கிறார்கள், நான் மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறேனே என்று குறைபட்டார். வெயிலிலிருந்து இருட்டுக்கு வந்த கண், கூசி மூடிக்கொண்டது. மற்ற படங்களில் அவர் கண் திறந்திருந்தது, ஆனால் ஒன்றில் மேஸ்திரி தும்மினார், இன்னொன்றில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். மற்ற எல்லோரும் சரியாக விழுந்தது இந்த ஒன்றில்தான்.

மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னொரு தடவை எடுக்க முடியாதாம்மா?" என்றது போன்.

கேமராக்கா கணவரைப் பார்த்தாள். அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தாராளமா எடுக்கலாம் சார். வேற ஒரு மலையை மட்டும் காட்டுங்க."